காசநோயும் வறுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிபி என்றதும் பேச்சு கிருமி, மாத்திரை, மாஸ்க் என்று போய்விடுகிறது. நோயாளியின் தினக்கூலி எவ்வளவு, ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்பவர்கள் குறைவு. யாருக்கு நோய் வெளிப்படும், யார் பிழைப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை இந்த விவரங்கள்தான். பலரும் கேட்கும் சந்தேகங்களை எடுத்து, தெரிந்தவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கிருமியால் வரும் நோய்தானே? இதில் ஏழை, பணக்காரர் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கிருமியால்தான் வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதை வைத்துத்தான் மார்ச் 24 உலகக் காசநோய் நாள் ஆனது. ஆனால் கிருமி உடம்புக்குள் போவது வேறு, நோயாக வெளிப்படுவது வேறு. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி எப்போதோ தொற்றியிருக்கிறது. அப்படித் தொற்றியவர்களில், வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் நோய் வருகிறது. மற்றவர்களின் உடம்பு கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது.

சரி, அந்த ஐந்து பத்துப் பேர் யார்? அரைவயிறு சாப்பிடுகிறவர்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியாதவர்கள், கல் தூசியை நாள் முழுக்கச் சுவாசிப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், அதிகமாகக் குடிப்பவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள். இவற்றில் பாதிக்கு மேல் வறுமையோடு சேர்ந்தே வருபவை. கிருமி தொற்றும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். எட்டுப் பேர் படுக்கும் ஒற்றை அறையில் ஒருவர் இருமினால், அந்தக் காற்றைத்தான் மற்ற ஏழு பேரும் இரவெல்லாம் சுவாசிக்க வேண்டும்.

அப்படியானால் வசதியானவர்களுக்கு வராதா?

வரும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வருகிறது, ஏசி அறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் வருகிறது. குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால் டிபி வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும். சர்க்கரைதான் எல்லா வீட்டிலும் இருக்கிறதே. வசதியானவர் சீக்கிரம் ஸ்கேன் எடுக்கிறார், ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு போடுகிறார், நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார். நோய் அவரைத் தொட்டுவிட்டுப் போகிறது. கூலித் தொழிலாளியின் வீட்டில் அதே நோய் அடுத்த பத்தாண்டு வருமானத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

எண்ணிக்கையில் எவ்வளவு வித்தியாசம் தெரிகிறது?

2023-ல் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாக டிபி வந்தது, பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் இந்தியாவில் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்குள்ளேயும் ஒரே மாதிரி இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நுரையீரல் காசநோய் லட்சத்துக்கு 316 பேருக்கு இருந்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் கேரளத்தில் 115, டெல்லியில் 534. மத்தியப் பிரதேசத்தின் சஹாரியா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வுகளிலோ லட்சத்துக்கு 1,500-ஐத் தாண்டியது. அந்த மக்களிடம் மட்டும் தனியாக ஒரு கொடிய கிருமி உலவவில்லை. நிலமும் காடும் கையை விட்டுப் போன, நிரந்தரமாகப் பசியில் இருக்கும் ஒரு சமூகத்துக்குள் அதே கிருமி நுழைந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கும் டிபிக்கும் அவ்வளவு நெருக்கமான தொடர்பா?

அதுதான் இந்த விஷயத்தின் மையம். இந்தியாவில் டிபி வருவதற்கான காரணங்களில் முதலிடம் ஊட்டச்சத்துக் குறைவுக்குத்தான்.

கிருமியை அடைத்து வைப்பது நம் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை. புரதமும் சக்தியும் குறைந்தால் அந்த அணுக்கள் எண்ணிக்கையிலும் வலுவிலும் தேய்ந்துபோகின்றன. அடங்கிக் கிடந்த கிருமி அப்போது தலைதூக்குகிறது. உடல் எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. ஒரு புள்ளி கூடினால் டிபி வரும் ஆபத்து சுமார் 14 சதவீதம் குறைகிறது என்பது பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. பிறகு நோயே பசியைக் கொன்று எடையை இன்னும் இறக்குகிறது. பசி நோயைக் கொண்டுவர, நோய் பசியைப் பெருக்குகிறது.

வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. முதல் உலகப் போரில் டென்மார்க் நடுநிலை நாடு, அங்கே சண்டை நடக்கவில்லை. ஆனாலும் போரின் முதல் ஆண்டுகளில் அங்கே டிபி இறப்பு ஏறியது. நல்ல விலை கிடைத்ததால் இறைச்சியும் மீனும் பாலும் கப்பல் கப்பலாக வெளியே போய்க்கொண்டிருந்தன. 1917-ல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் முற்றுகையால் ஏற்றுமதி நின்றது, அந்த உணவு உள்நாட்டிலேயே தங்கியது. ஐரோப்பா முழுக்க டிபி இறப்பு ஏறிக்கொண்டிருந்தபோது டென்மார்க்கில் மட்டும் இறங்கியது. அப்போது உலகில் எங்கேயும் டிபிக்கு மருந்தே கிடையாது.

நம் காலத்துச் சான்று ஜார்க்கண்டிலிருந்து வருகிறது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா தலைமையில், சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2019-ல் தொடங்கிய 'ரேஷன்ஸ்' ஆய்வு அது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினர். எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை கிடைத்தது. பாதி வீடுகளில் குடும்பத்தினருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். மீதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தபோது, குடும்பம் முழுவதும் சாப்பிட்ட வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும் நுரையீரல் டிபி மட்டும் என்று பார்த்தால் 48 சதவீதம். தடுப்பூசி ஒன்று இவ்வளவு சாதித்திருந்தால் நாடே கொண்டாடியிருக்கும். சாதித்தது அரிசியும் பருப்பும்.

ஆனால் 'சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும்' என்று மெட்ராஸ் ஆய்வே சொன்னதாமே?

இது நியாயமான கேள்வி, நின்று பதில் சொல்ல வேண்டியது.

1950-கள் வரை டிபி என்றால் சானடோரியம், அதாவது நோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைக்கும் தனி மருத்துவமனை. மலைக்காற்று, ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில ஆயிரம். அதனால் 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று இருக்கும் தேசிய நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவர்கள் வீட்டிலும் வைத்து, இரு பிரிவுக்கும் அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் மோசமாகச் சாப்பிட்டார்கள், நெரிசலில் இருந்தார்கள், ஓய்வும் குறைவு. அப்படியும் குணமானவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியக் காலத்தை முடித்து வைத்தது. ஏழை தன் வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்று நிரூபித்த ஆய்வு அது. நம் ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

சிக்கல் என்னவென்றால், அதன் முடிவை அது சொன்னதற்கு மேல் நீட்டிவிட்டார்கள். மருந்தை முழுதாகச் சாப்பிட்டால் மெலிந்த உடம்பிலும் கிருமி சாகும் என்பதுதான் ஆய்வு சொன்னது. மெலிந்தவருக்கு நோய் வருவதைப் பற்றியோ, மிக மோசமாக மெலிந்தவர் மருந்து வேலை செய்வதற்கு முன்பே இறந்துபோவதைப் பற்றியோ, அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன ஆகும் என்பதைப் பற்றியோ அது ஆராயவில்லை. ஆனாலும் அதன் பிறகு பல பத்தாண்டுகள் டிபி திட்டங்களில் உணவுக்கு இடமே இல்லாமல் போனது. அந்த இழப்பு பெரியது என்றே நினைக்கிறேன்.

மெலிந்திருப்பது உயிருக்கே ஆபத்தா? மருந்து ஆரம்பித்தால் எடை தானாக ஏறிவிடாதா?

பலருக்கு ஏறும். ஏறாதவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் ஒருவர் சளி டப்பாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார், எடை 38 கிலோ. அவருடைய பி.எம்.ஐ. 14-க்குக் கீழே நிற்கும். ஆரோக்கியத்தின் கீழ் எல்லையான 18.5-ஐத் தொட அவர் 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது பன்னிரண்டு கிலோ குறைவு. நடந்துதான் வந்தார், பேசுகிறார், மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவார். ஆனால் டிபி இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கின்றன. இவரைப் போன்றவர்களுக்கு நடக்கின்றன.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. நோய் உறுதியானதுமே எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே, அல்லது கால் வீக்கத்தோடு 16-க்குள், நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, ஆக்சிஜன் 94-க்குக் கீழே, தானாக நிற்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்து உணவோடு சிகிச்சை. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். எடை பார்க்கும் மெஷின், உயரம் அளக்கும் அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் செவிலியரே முடித்துவிடலாம்.

ஜார்க்கண்ட் ஆய்வும் இதையே காட்டியது. அங்கே நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ உடம்பில் 5 சதவீதம் என்றால் இரண்டே கிலோ.

வீட்டு நெரிசல் எப்படி நோயைக் கூட்டுகிறது?

டிபி கிருமி தொட்டால் ஒட்டாது, தட்டு டம்ளரில் பரவாது. இருமும்போது கிளம்பும் நுண்துளிகளில் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் காற்று அதைக் கலைத்து வெளியே கொண்டுபோகும், வெயில் பட்டால் சாகும். ஒரே கதவும் ஜன்னலே இல்லாத பின்சுவரும் உள்ள அறையில் அப்படியே தங்கும்.

மும்பையில் சாலை, ரயில் திட்டங்களுக்காக அப்புறப்படுத்தப்பட்டவர்களை கோவண்டி, மான்குர்த் பகுதிகளில் அடுக்குமாடிகளில் குடியமர்த்தினார்கள். லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பரேக் காம்பவுண்ட் என்பவை அவற்றில் சில. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே மூன்று மீட்டர் அளவே இடைவெளி. கீழ்த்தளங்களுக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே நடந்த ஆய்வில் மேல்தளங்களைவிடக் கீழ்த்தளங்களில் டிபி அதிகமாக இருந்தது. குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அந்தக் கட்டடங்களைப் பார்க்க வேண்டும். இலங்கை மலையகத்தில் ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயன் அறைகளில் இன்னமும் குடும்பங்கள் வசிக்கின்றன. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

வேலையாலும் வருமா?

வரும். கல் உடைக்கும் இடங்களில், குவாரிகளில், கல் செதுக்கும் பட்டறைகளில் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தருகிறது. அந்த நுரையீரல் டிபி கிருமிக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். குஜராத்தின் கம்பாத்தில் மணிக்கல் பட்டை தீட்டுபவர்கள், ராஜஸ்தானின் மணற்கல் சுரங்கத் தொழிலாளர்கள் இதனால் இளம் வயதிலேயே இறந்திருக்கிறார்கள். பலருக்கு சிலிக்கோசிஸ் என்று தெரியாமலேயே திரும்பத் திரும்ப டிபி மாத்திரை கொடுக்கப்பட்டது. டிபி என்று எழுதினால் அது அவர் நோய். சிலிக்கோசிஸ் என்று எழுதினால் முதலாளி இழப்பீடு தர வேண்டும்.

மருந்தும் பரிசோதனையும்தான் இலவசமாச்சே. அப்புறம் என்ன செலவு?

அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் இலவசம்தான். செலவு அதற்கு வெளியே நடக்கிறது.

மூட்டை தூக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 800 ரூபாய், மாதத்தில் 20 நாள் வேலை என்று வைத்தால் மாதம் 16,000, ஆண்டுக்கு 1,92,000. நோய் உறுதியான பிறகு இரண்டு மாதமாவது மூட்டை தூக்க முடியாது. அதிலேயே 32,000 போச்சு. அதற்கு முன்னால் இருமலுக்கு மெடிக்கல் ஷாப்பில் டானிக், தனியார் கிளினிக்கில் ஊசி, அங்கே எழுதிக் கொடுத்த ஸ்கேன், கூட வந்தவரின் ஒரு நாள் கூலி என்று எட்டாயிரம் பத்தாயிரம் சாதாரணமாகப் போயிருக்கும். நோய்க்கான மொத்த இழப்பு ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் குடும்பத்தைக் குலைக்கும் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இவருக்கு அந்த எல்லை 38,400 ரூபாய். ஒரு மாத்திரைக்குக் கூடக் காசு கொடுக்காமலேயே இவர் அதைத் தாண்டிவிட்டார். பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் டிபி வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி இந்த எல்லையைத் தாண்டியவை.

பிறகு என்ன நடக்கும்? மாத்திரை ஆரம்பித்து ஆறாவது, ஏழாவது வாரம் காய்ச்சல் நிற்கும், இருமல் குறையும். வட்டிக்கு வாங்கியவன் வாசலில் நிற்பான். மறுபடி வேலைக்குப் போவார். மாத்திரை வாங்கப் போனால் அரை நாள் கூலி போகும் என்பதால் ஒரு வாரம் தள்ளுவார். 'நோயாளியின் ஒத்துழைப்பு இல்லை' என்று ஃபைலில் எழுதுவார்கள்.

இருமல் வந்த உடனே ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்? அறியாமைதானே?

அறியாமையும் உண்டு, அதை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியில்லை. தேசியக் கணக்கெடுப்பில் டிபி அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எங்கேயும் போகவே இல்லை. புகை, தூசி, பீடி நடுவே வாழ்பவருக்கு இருமல் ஒரு நோயாகவே படாது. போனாலும், இரண்டு மூன்று இடம் அலைந்த பிறகே பலருக்கு நோய் உறுதியாகிறது. வெளிநோயாளர் பிரிவு திறந்திருக்கும் நேரமும் கூலி வேலை நடக்கும் நேரமும் ஒன்றுதான்.

பெண்களுக்கு இன்னொரு தடை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு டிபி என்று தெரிந்தால் வரன் வராது என்று மறைக்கிறார்கள். கல்யாணம் ஆனவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் பெரும்பாலும் அவள்தான்.

குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்?

இதைக் கோபமில்லாமல் எழுத முயல்கிறேன். அதிகமாகக் குடிப்பவருக்கு டிபி ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு, சிகிச்சை நடுவில் நின்றுபோகவும் வாய்ப்பு அதிகம். உண்மைதான். ஆனால் சாக்கடை இறங்குபவரும் பிணவறையில் வேலை செய்பவரும் எதற்காகக் குடிக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஒருவர் குடிக்கிறார் என்பதற்காகச் சிகிச்சையை அரைமனதாகக் கொடுத்தால், அவர் இருமும் காற்று அவர் பிள்ளைக்கும்தான் போகிறது. டிபி மருந்தோடு சேர்த்துக் குடியிலிருந்து மீளவும் உதவினால் பலன் இருக்கிறது. அதட்டுவதால் யாரும் மாத்திரை சாப்பிட்டதில்லை.

குழந்தையிலேயே பிசிஜி ஊசி போட்டிருக்கிறோமே?

குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை போன்ற கொடிய டிபியிலிருந்து அது காப்பாற்றுகிறது, அதனால் கட்டாயம் போட வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுப்பதில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் 1968-ல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய மாபெரும் சோதனை இதைக் காட்டியது.

டிபிக்கு மட்டும்தானா இப்படி? மற்ற தொற்றுநோய்களில்?

கொரோனாவில் கண்ணெதிரே பார்த்தோம். இங்கிலாந்தில் 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரை, மிகவும் பின்தங்கிய பகுதிகளில் கொரோனா இறப்பு லட்சத்துக்கு 55 பேர், வசதியான பகுதிகளில் 25 பேர். அதே வைரஸ், அதே நாடு, எல்லோருக்கும் இலவச மருத்துவம். சிங்கப்பூரில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில், அந்த ஆண்டு முடிவதற்குள் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. வெளியே இருந்த மக்களிடம் மிகக் குறைவு. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேரும் அதற்கு மேலும் படுத்த இடங்கள் அவை.

கொரோனா டிபியையும் விட்டுவைக்கவில்லை. 2019-ல் இந்தியாவில் 24 லட்சம் பேருக்கு டிபி கண்டறிந்து பதிவு செய்தார்கள். 2020-ல் அது 18 லட்சமாக இறங்கியது. நோய் குறைந்ததால் அல்ல, ஊரடங்கில் பரிசோதனைக்குப் போக முடியாததால்.

அப்போ வறுமை ஒழியும் வரை டிபி ஒழியாதா? அதுவரை கைகட்டி நிற்பதா?

தேவையில்லை. இங்கிலாந்தில் 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டிபி மருந்து வருவதற்கு முன்பே டிபி இறப்பில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. உணவு, கூலி, வீடு, நோயாளிகளைத் தனியே வைத்துப் பராமரித்தது ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதற்கு நூறாண்டு ஆனது. ஆனால் ஜார்க்கண்டில் யாருடைய வறுமையும் ஒழியவில்லை. நிலம் கிடைக்கவில்லை, வேலை மாறவில்லை. மாதம் ஆறரைக் கிலோ தானியமும் பருப்பும் ஒருவருக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். அதற்கே 39 சதவீதம். வறுமையின் எந்தப் பகுதி நோயை உண்டாக்குகிறதோ அந்தப் பகுதியை மட்டும் தொட்டாலே பலன் உடனே தெரியும்.

அரசு செய்வது போதுமா?

'நிக்ஷய் போஷன்' திட்டத்தில் 2018-லிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கினார்கள். வரவேற்க வேண்டியது. ஆனால் மேலே சொன்ன மூட்டை தூக்குபவரின் கணக்கில் ஆறு மாதச் சிகிச்சைக் காலத்துக்கு 6,000 ரூபாய் என்ன செய்யும்? அதுவும் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு சரியாக இருந்தால்தான் வரும், பலருக்குத் தாமதமாகவே வருகிறது. பணத்தைவிட உணவுப் பையாகக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. ஆயிரம் ரூபாய் வட்டிக்குப் போய்விடும், உளுந்தும் கடலையும் அடுப்புக்குத்தான் போகும். 2022-லிருந்து தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பை தரும் 'நிக்ஷய் மித்ரா' ஏற்பாடு இருக்கிறது. நல்லதுதான், ஆனால் யாரோ ஒருவரின் மனசைப் பொறுத்து ஒரு நோயாளியின் புரதம் இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோருக்குமான ரேஷன் கடை இங்கே ஏற்கெனவே இருக்கிறது, அரிசி இலவசம், துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலை. டிபி வந்த வீட்டின் கார்டுக்குப் பருப்பு அளவைக் கூட்டி, முட்டையையும் சேர்க்கப் புதிதாக ஒரு துறை தொடங்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நோயாளிக்கு மட்டும் கொடுத்தால் எந்தத் தாயும் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிடுவாள். கார்டு இல்லாமல் இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களையும் அதில் சேர்க்காவிட்டால் டிபியைக் குறைக்கும் முயற்சி பாதியில் நிற்கும்.

நாட்டில் 2025-க்குள் டிபியை ஒழிப்பதாக அறிவித்திருந்தார்கள். ஆண்டுதோறும் புதிதாக டிபி வருபவர்களின் எண்ணிக்கை 2015-ல் லட்சத்துக்கு 237 ஆக இருந்தது, 2023-ல் 195 ஆக இறங்கியிருந்தது. உலக அளவைவிட வேகமான இறக்கம், ஆனால் ஒழிப்புக்கு அருகில்கூட இல்லை.

தெரிந்தவர் வீட்டில் டிபி என்று கேள்விப்பட்டால் நான் என்ன செய்யலாம்?

முதலில் பயப்படாமல் போய்ப் பாருங்கள். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண டிபியில் சரியான மருந்து ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசுங்கள், போதும். தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் தேவையில்லை.

பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவதற்குப் பதில் நிலக்கடலை, கொண்டைக்கடலை, பருப்பு, முட்டை, எண்ணெய் என்று மாத மளிகையில் ஒரு பங்கை வாங்கிக் கொடுங்கள். நோயாளிக்கு மட்டும் என்று சொல்லாமல் குடும்பத்துக்கு என்று கொடுங்கள். முடிந்தால் ஆறு மாதமும்.

எடை எவ்வளவு என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதமாகியும் ஏறாவிட்டாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுந்து நிற்கத் தடுமாறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கண் மஞ்சளானாலும் அப்படித்தான், மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்படலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் மட்டும் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்தார்களா என்று விசாரியுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் அவர்களுக்கு வராமல் தடுக்கும் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இதைத் தள்ளிப் போடவே கூடாது. மாதப் பணம் வரவில்லை என்றால் அவரோடு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களும் போங்கள். படித்தவர் ஒருவர் கூட நின்று கேட்டால் வங்கிக் கணக்கு எண்ணில் இருக்கும் தப்பு அன்றே திருத்தப்படும். தொலைபேசியில் கேட்பதானால் காசநோய்க்கான இலவச உதவி எண் 1800-11-6666.